உள்ளங்கை அகலத்துக்கு ராணுவப் பச்சை

விட்டுப்போகலீங்ணா, வேணும்னேதான் விட்டிருக்குது. வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க. வண்டி முழுக்க பளபளன்னு சந்தனக் கலர் அடிச்சவங்க, முன்னாடி பம்பர்ல மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஏன் அழுக்குப் பச்சையா விட்டாங்கன்னு. அது மில்டரி அடிச்ச பெயிண்டுங்க. அசல். அந்தப் பச்சைய வெளியாளுங்க வண்டிக்கு அடிக்கக் கூடாதாம், சட்டம் இருக்குது. அதனால மேல சந்தனக் கலர் அடிச்சோம். ஆனா அந்த எடத்தை மூட மனசு வரல. கிட்ட வந்து பாருங்க. சதுரமா ஒண்ணு தெரியுதுங்களா? மேல வெள்ளை, கீழ நீலம். நடுவுல ஒரு நம்பர் இருந்திருக்கும், இப்ப ஏழு மாதிரியும் தெரியுது, ஒண்ணு மாதிரியும் தெரியுது. அதுக்கு நாங்க போட்ட சண்டை இருக்கே.

ஜீப்பு அவுருதுங்க. சௌந்தரராஜன்னு பேரு. வீட்டுக்காரரான்னு கேக்கறீங்களா? அதோ, உள்ளாற ஜன்னல்கிட்ட வேட்டியில நிக்கறாரே, அவுருதான். நீங்க வில்லங்கம் பாக்க வந்தீங்களா? சர்வர் வந்தாதான் இந்த ரிஜிஸ்டர் ஆபீசுல எல்லாருக்கும் வேலை. உக்காருங்ணா, அந்தப் பின்னாடி படி நல்லா தாங்கும்.

அவுரு விருதுநகர் பக்கம். ஒசூருக்கு வந்து ரொம்ப வருசம் ஆச்சு, பைக் கம்பெனியில பெயிண்ட் ஷாப்பு. நான் உத்தனப்பள்ளி, இங்கியே பொறந்து வளந்தவ. வீரலட்சுமி. வயரிங் ஹார்னெஸ் கம்பெனியில வேலை. வண்டிக்குள்ளாற ஒயரெல்லாம் கட்டா ஓடுமே, அது நாங்க கட்டறதுதான்.

சூளகிரி பக்கம் பழைய இரும்புக் கடையில கெடந்த வண்டிங்க இது. மேல செவப்பு பெயிண்டு. யாரோ தக்காளி ஏத்தி ஓட்டியிருக்காங்க, இடுக்குல எல்லாம் வெதை. அவுரு உப்புத்தாள் வெச்சு செவப்பை எடுக்கறப்போ, மட்கார்டுல மஞ்சளா ஒரு வட்டம் வந்துச்சாம். பாலத்து மேல போறப்போ வண்டி என்ன வெயிட்டுன்னு தெரியறதுக்கு மில்டரியில அப்டி வட்டம் போட்டு நம்பர் எழுதுவாங்க. அவ்ளோதான், மனுசனுக்குத் தூக்கம் போச்சு. பின்னாடி இரும்புச் சட்டத்தைப் பாத்துட்டு இது ஆம்புலன்சுதான்னு முடிவு பண்ணிட்டாரு. ஸ்ட்ரெச்சர் வெக்கற சட்டம், அடிபட்டவங்களைக் கொண்டுபோன வண்டின்னு. கம்பெனி பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. சொல்றப்போ அவுரு கண்ணு கலங்குமாம்.

ஒயரிங் சரி பண்ண ஆள் வேணும்னு அவுரு கேட்டு, எங்க லைன்ல இருக்கற அனிதா என்னை இழுத்துட்டுப் போச்சு. ஞாயித்துக்கிழமை. லீவுல துணி தொவைக்கறதை விட்டுட்டு எவனோ ஒருத்தன் ஜீப்பைப் பாக்கணுமான்னு திட்டிக்கிட்டேதான் போனேன். பானட்டைத் தூக்குனாரு. தூக்குனதும் நான் தலைய உள்ளாற விட்டுட்டேங்க. பிளக்குக்குப் போற ஒவ்வொரு ஒயருக்கும் மேல இரும்புச் சடை பின்னியிருக்குது. பாடிக்கும் சேசுக்கும் நடுவுல செம்புச் சடை. இவ்ளோ அழகா இத்தனை வருசத்துல நான் ஒரு ஹார்னெஸ் பாத்ததில்ல. இது ஆம்புலன்சு இல்லீங்க சார், ரேடியோ வண்டின்னேன். எஞ்சின்ல பொறி அடிக்கறப்போ ரேடியோல கரகரன்னு கேக்கும். அது கேக்காம இருக்கத்தான் இந்தச் சடை எல்லாம். அடிபட்டவனுக்கு எதுக்குங்க இதுன்னேன்.

ஒத்துக்கலீங்களே. பின்னாடி கொண்டுபோய் சட்டத்தைக் காட்டறாரு. நான் குனிஞ்சு பாத்தா சட்டத்துக்கு அடியில நாலு மூலையிலயும் ரப்பர் கட்டை. ரேடியோ செட்டு குலுங்காம இருக்க வெச்சது. இதோ இந்தப் பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே, கைய வெச்சுப் பாருங்க, இது ஏரியல் நிக்கற எடம். இதை அவுரு கொடி வெக்கறதுன்னு நெனைச்சிருக்காரு. யாராச்சும் ஆம்புலன்சுக்குக் கொடி வெப்பாங்களா? நான் சிரிச்சுட்டேன். அவுரு மூஞ்சி சுண்டிப்போச்சு. டீ வாங்கிக் குடுத்துட்டு பானட்டைச் சாத்திட்டாரு. சரி, இனி கூப்பிட மாட்டாருன்னு நெனைச்சேன்.

அப்பறம் ஒரு நா கேன்டீன்ல சாப்புட்டுக்கிட்டு இருக்கேன், போன்ல ஒரு போட்டோ வருது. இந்தச் சதுரம். பெயிண்ட் ஷாப்பு கை பாருங்க, மேல் கோட்டிங்கை மட்டும் ஈர உப்புத்தாள் வெச்சு எடுத்து அடுத்த கோட்டிங்கைத் தொடாம விட்டிருக்காரு. நீலமும் வெள்ளையும். யார்யாரையோ விசாரிச்சிருக்காரு போல. போட்டோக்குக் கீழ, சிக்னல் படைக்காரங்க குறிங்கறாங்க, நீங்க சொன்னதுதான் சரின்னு எழுதியிருந்தாரு. நான் சாம்பார் சாதத்தை அப்டியே வெச்சுட்டு டேபிள் டேபிளாப் போயி போட்டோவைக் காட்டுனேன். அனிதா கேக்குது, பேரன் பொறந்த மாதிரி ஏன்க்கா இவ்ளோ குஷின்னு. எனக்கே தெரியலீங்க.

அதுக்கப்பறம் எல்லா ஞாயித்துக்கெழமையும் இதான் வேலை. அவுரு சொரண்டுவாரு, நான் ஒயரைத் தேடிப் போவேன். நம்பர் எழுதற எடத்துல மேல் பாத்து ஒரு அம்பு வந்துச்சு, மில்டரி நம்பருக்கு முன்னாடி போடறது, பாதி அம்பு. அதுக்கு ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு கைதட்டிக்கிறோம். பக்கத்து வீட்டு சாந்தம்மா கன்னடத்துல கேக்கறாங்க, ஏனாய்த்ரீ, லாட்டரி பந்த்தான்னு, என்னாச்சு, லாட்டரி விழுந்துச்சான்னு. அப்பறம் இந்தத் தகரப் பலகையப் பாருங்க, இங்க மட்டும் தேஞ்சு மினுமினுன்னு இருக்குது. ஆபரேட்டரு முழங்கைய ஊன்ற எடம். எடது கை. எழுதறதுக்கு சோத்தாங்கை, காதுல கேக்கறதை எழுதணுமில்ல. எந்த ஊரு ஆளோ, எந்த மலை மேல உக்காந்து யார் கொரலைக் கேட்டானோ. அவுரு அந்த எடத்தைத் தொடச்சுட்டே ரொம்ப நேரம் நின்னாரு. அப்பத்தான் நான் அவுரை ஒழுங்காப் பாத்தேன்னு வெச்சுக்கோங்க.

செட்டு கெடைக்கலீங்க. கெடைச்சாலும் அதுக்கு லைசென்சு அது இதுன்னு ஆயிரம் இருக்குது. பெங்களூர் ஞாயித்துக்கெழமைச் சந்தையில காதுல மாட்டறது ரெண்டு கெடைச்சுது, மைக்கோட. நான் ஒக்காந்து, ஓட்டறவங்களும் பின்னாடி ரேடியோ சீட்டுல இருக்கறவங்களும் பேசிக்கிற மாதிரி ஒயர் போட்டேன். பொத்தானை அமுக்கிப் பேசணும், விட்டாத்தான் அடுத்தவங்க பேசறது கேக்கும்.

ராயக்கோட்டை ரோட்டுல ஓட்டிப் பாத்தோம். அவுரு முன்னாடி, நான் பின்னாடி, முதுகைப் பாத்துக்கிட்டு. எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஆனா காதுக்குள்ளாற அவுரு மூச்சு விடறது கூட கேக்குது. அவுரு நேருல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுசன். சம்சாரம் போனதுக்கப்பறம் அதுவும் கொறைஞ்சு போச்சுன்னு சொல்வாங்க. அன்னைக்கு, கேக்குதாங்கன்னாரு. கேக்குதுன்னேன். ரோடு நல்லாருக்குன்னாரு. ஆமான்னேன். அப்பறம் கேட்டாரு பாருங்க. மூஞ்சிய மூஞ்சி பாக்கறதுக்கு வழியில்லைங்கற தைரியம்தான். நான் பொத்தானை அமுக்கி என்ன சொன்னேன் தெரியுங்களா? அட்லே கானீன்னுட்டேன். எங்கூட்ல தெலுங்குங்க, பதறிப்போனா அதான் வரும். அவுருக்குப் புரியல. திருப்பிச் சொல்லுங்கங்கறாரு. நான் சொல்வேனா? சிரிப்பு வேற. வண்டிய ஓரங்கட்டி, எறங்கிப்போயி டீக்கடைக்காரரைக் கேட்டுட்டு வர்றாரு. அவுரு அட்லே கானீங்கறதை அட்லி காணோம்னு கேட்டிருக்காரு. கடைக்காரரு, யாருங்க காணோம்னு பதறியிருக்காரு. அப்டியே ஆகட்டும்னு அர்த்தம்னு எப்டியோ வெளங்கிப்போச்சு. திரும்பி வர்றப்போ மனுசன் நடக்கல, மெதந்துக்கிட்டு வர்றாரு.

என்ன கேட்டாருன்னா கேக்கறீங்க? அட, நீங்க ஒண்ணுங்ணா. இந்தப் பட்டுச்சேலைய வில்லங்கம் பாக்கவா கட்டிக்கிட்டு வந்திருக்கேன்?

எங்கூட்டுக்காரரு போயி ரொம்ப வருசம் ஆச்சுங்க. எம்பொண்ணு தர்ஷினி உள்ளதான் இருக்குது, அவ ஒரு சாட்சி. அனிதா ஒண்ணு. மூணாவது எங்கண்ணன் முனிசாமி. வர்றேன்னுதான் சொன்னாரு. காத்தால வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வண்டி வரைக்கும் வந்தாரு, பின்னாடி ஏறினாரு. அப்பறம் என்ன தோணுச்சோ, எறங்கிட்டாரு. இந்த வயசுல இதெல்லாம் என்னாத்துக்கும்மான்னாரு. கோவமாக் கூட சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். இல்லீங்க, அழுவல. கண்ணுல தூசி. இன்னைக்கு விட்டா கல்யாண நோட்டீசு காலம் முடியுதாம், மறுபடியும் மொதல்லருந்து ஒட்டி முப்பது நாளு காத்திருக்கணும். காத்திருக்கலாம்தான். எனக்கு முடியாதுங்ணா.

சர்வர் வந்துடுச்சு போல, அவுரு கை காட்டறாரு.

வில்லங்கம் பாக்க வந்திருக்கீங்க, ஆதாரு கையில இருக்குமில்ல? எங்கண்ணன் எடத்துல சாட்சியா ஒரே ஒரு கையெழுத்து. பெரிசா ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. இவங்க ரெண்டு பேரும் மனசாரத்தான் வந்திருக்காங்களா, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாலும் கேப்பாங்க. எனக்கெப்டித் தெரியும்னு சொல்லிடாதீங்க. இவ்ளோ நேரம் வேற என்னத்தைங்க உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்.