இரண்டு கோடு வந்த பிறகு என் கணவர் வீட்டைவிட்டுப் போனது குறித்து

என் பெயர் சிவசங்கரி. வயது முப்பத்து மூன்று. கணவர் பெயர் கோபிகிருஷ்ணன். ஆந்திராவில் புத்தூரை அடுத்த கீழ்மேடு காலனியில் என் கணவர், மாமியார் ரத்தினம்மா, எட்டாவது படிக்கும் மகள் ஸ்ரீஜா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் கம்பெனிக்கும் மற்ற நாட்களில் தோட்ட வேலைக்கும் போகிறேன். என் கணவர் பால் வண்டி ஓட்டி வந்தார். எனக்குத் தெலுங்கு பேச வரும். இருந்தாலும் இந்த விஷயத்தைத் தமிழில்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டதால், தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் பாலசுந்தரம் அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

போன வருடம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு என் கணவரும், அவருடன் வண்டி ஓட்டும் சந்திரசேகரும் போயிருந்தார்கள். அங்கே தெருவோரம் பச்சை குத்துகிற ஒருவரிடம் இருவரும் குத்திக்கொண்டார்கள். என் கணவர் இடது கையில் என் பெயரைக் குத்திக்கொண்டு வந்து காட்டினார். வீக்கம் இருந்ததால் நான் மஞ்சள் அரைத்துப் போட்டேன். இந்த வயசில் இது எதற்கு என்று திட்டினேன். ஆனாலும் அன்று எனக்குச் சந்தோஷம்தான்.

அதன் பிறகு இந்த வருடம் சந்திரசேகருக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் நோய்க் கிருமி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்காவது ஊசி குத்தினீர்களா, பச்சை குத்தினீர்களா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். உடனே அவர் என் கணவருக்குப் போன் செய்து, "ஒரே ஊசியிலதாண்டா ரெண்டு பேரும் குத்திக்கினோம், நீயும் பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன். அவர், "அங்க போனா ஊரு பூரா தெரிஞ்சிபூடும், வூட்லயே பாத்துக்கலாம்" என்று சொல்லி, வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் கிட் ஒன்றைப் போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தார். பெட்டியில் இரண்டு பேருக்கானது இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீஜா டியூஷனுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அந்தச் சின்ன பிளாஸ்டிக் பட்டையில் விட்டு, அதன் மேல் கூட வந்த மருந்துத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு என்று போட்டிருந்தது. அவருடையதில் இரண்டு கோடு வந்தது. அதன் பிறகு, "உனுக்கும் பாத்துடலாம் சங்கரி" என்று சொல்லி, ஊசியை என்னையே குத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். என்னுடையதில் ஒரு கோடுதான் வந்தது. "உனுக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிம்மதிதான் அவரைக் கிளப்பிக்கொண்டு போகும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதன் பிறகு அவர் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டார். அவர் துணியை நான் துவைக்கக் கூடாது என்றார். வெளி ரூமில் படுத்தார். ஸ்ரீஜா, "நைனா, ஏன் என்னாண்ட குந்தவே மாட்டேன்ற?" என்று கேட்டதற்கு, சளி பிடித்திருக்கிறது என்று சொன்னார். அதன் பிறகு ஒரு நாள் காலையில் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனவர் வீடு திரும்பவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்தும் தகவல் இல்லாததால், என் மாமியாருடன் இந்த நிலையத்துக்கு வந்து ஆள் காணவில்லை என்று புகார் கொடுத்தேன்.

அவர் இல்லாத நாட்களில் நடந்ததைச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். அவருடைய வண்டியை இப்போது வேறு டிரைவர் ஓட்டுகிறார். எங்கள் தெரு முனை திரும்பும்போது அவரும் என் கணவர் அடிப்பது மாதிரியே ஹாரன் அடிக்கிறார். வேறு ஆள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நான் வாசலுக்குப் போய் நின்றேன். வண்டி போன பிறகு உள்ளே வந்தேன். என் மாமியார் பார்த்துவிட்டு, "போவாதடி, மனசு கெட்டுப்பூடும்" என்று சொல்வார். ஆனால் ஹாரன் கேட்டால் அவரும்தான் எட்டிப் பார்ப்பார். என் கணவர் துவைக்காமல் போட்டுவிட்டுப் போன காக்கிச் சட்டையை நான் துவைக்கவில்லை. அதைத் தலையணைக்கு உறை போலப் போட்டுக்கொண்டு படுத்தேன். பால் வாசனை இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

அதன் பிறகு நான் திருப்பதிக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் ஈரல் டாக்டர் பத்மாவதி அம்மாவைப் பார்த்தேன். கிட்டில் வந்த இரண்டு கோடு, கிருமி எப்போதோ ரத்தத்துக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், இப்போது இருக்கிறதா இல்லையா என்பதற்கு வேறு ரத்தப் பரிசோதனை உண்டு, சிலருக்குத் தானாகவே போய்விடும், போகாவிட்டாலும் மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் குணமாகிவிடும் என்று அவர் சொன்னார். "ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட வராதும்மா. கட்டிப்பிடிச்சாலும் வராது. பிளேடு, ஊசி, பிரஷ் மட்டும் தனியா இருக்கட்டும்" என்றார். கேட்கக் கூச்சமாக இருந்தும், புருஷன் பெண்டாட்டியாக இருக்கலாமா என்று கேட்டேன். அதனால் வருவது ரொம்ப அபூர்வம், ரத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். என் ரத்தத்தையும் அங்கே எடுத்துப் பார்த்து, இல்லை என்று சொன்னார்கள். வெளியே வந்து ஆஸ்பத்திரி சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். தெரிந்துகொண்ட விஷயத்தைச் சொல்ல அவர் பக்கத்தில் இல்லை.

அதன் பிறகு சூளூர்பேட்டையில் மீன் ஏற்றும் கூடத்தில் அவர் ஐஸ் உடைக்கும் வேலை செய்வதைப் போலீசார் கண்டுபிடித்து, இன்று காலை இங்கே அழைத்து வந்தார்கள். தன் விருப்பத்தில்தான் போனதாகவும், வீட்டுக்கு வர மனமில்லை என்றும் அவர் எழுதிக் கொடுத்திருப்பதாக எஸ்.ஐ. அவர்கள் தெரிவித்தார். வயது வந்தவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார். அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை.

டாக்டர் சொன்னது வழக்குக்குத் தேவையில்லை என்று தலைமைக் காவலர் சொன்னார். "அவரு வெளிய பெஞ்சியில குந்திக்கினு கீறாரு சார். எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நீங்க படிச்சா கேப்பாரு. எழுதுங்க" என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதினார்.

இதுவரை சொன்னதை, என் கணவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தலைமைக் காவலர் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஹாரன் பற்றிப் படித்தபோது என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமைக் காவலர் படித்து முடித்தார். அதன் பிறகு என் கணவர், "அந்த டாக்டரம்மா எதுவரிக்கும் இருப்பாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மதியானம் வரிக்கும். இப்ப பஸ் ஏறுனா புடிச்சிடலாம்."

"அப்பறம்?"

"அப்பறம் வூட்டுக்கு. ரிசல்ட்டு இன்னா வந்தாலும் வூட்டுக்குத்தான்."

அவர் எழுந்து வந்து, என் கையில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வாங்கும்போது அவர் விரல்கள் என் கையில் பட்டன. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதையும் எழுதவா என்று தலைமைக் காவலர் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

நான் சொன்னதே மேலே உள்ளது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. படிக்கக் கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கோ. சிவசங்கரி

உடனிருந்து கேட்டவர்: (ஒப்பம்) கோபிகிருஷ்ணன், கணவர்