மூன்றாவது கல்லறைக்கான இடம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ராஸ்தா சமயத்து மூப்பர் அவர்களே, மாண்புமிகு பண்பாட்டு அமைச்சர் அவர்களே, மலையிறங்கித் தலைநகர் கிங்ஸ்டன் வந்திருக்கும் ஹனி ஸ்பிரிங் ஊர் மக்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நான் தங்கையாய் நினைக்கும் ஐசில்டாவே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலைக்குரல் லெஃபோர்ட் கில்லிங்ஸுக்குப் பின்னால் முப்பத்தொரு ஆண்டுகள் நின்று பேஸ் கிட்டார் வாசித்த அப்டன் பேசுகிறேன். இரங்கல் கூட்டம் என்றாலே பத்து மைல் தள்ளி ஓடுகிறவர் அவர். இன்று ஓட முடியாமல் போய்விட்டதே!

என்ன மனிதர் அவர்! புயலில் ஹனி ஸ்பிரிங் பள்ளிக்கூடத்தின் கூரை பறந்த வாரம், எங்கள் ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கோடரியால் பிளந்து பலகை எடுத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அண்ணே, பெட்டிய ஒடச்சிட்டா கச்சேரிக்கு என்ன பண்றது?"

"டேய் அப்டன், புள்ளைங்க நனையுதுங்க. உன் பேஸ் சத்தத்த வெச்சு கூரை போடுவியா? ஆணிய எடுடா!"

எடுத்தேன். அந்த ஆண்டு முழுவதும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடினோம். அப்போதும் ஊர் கேட்டது. கேட்காமல் இருக்குமா? அது லெஃபோர்டின் குரல் அல்லவா!

வெள்ளிக்கிழமை அவரைத் தலைநகர்ப் பூங்காவில், நாட்டின் பெரியவர்களுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்வதாக ஏற்பாடு. அவருடைய துணைவி ஐசில்டா கேட்பது அவர்கள் வீட்டு முற்றத்தை. ஆனால் அவளும் அவரும் திருமணப் பதிவு அலுவலகத்தின் படியேறாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அதனால் அவள் சொல் ஏட்டில் ஏறவில்லை. அவரும் உயில் எழுதவில்லை. "உயில் எழுதுறது சாவுக்கு நாற்காலி போட்டு வெக்கிற மாதிரி" என்பார். நம்மில் யார்தான் எழுதுகிறோம்? அரசு எங்கள் இசைக்குழுவைக் கேட்டது. பூங்காதான் அவர் விருப்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்பர்களே, அது பொய்.

அந்த முற்றத்தில் இரண்டு கல்லறைகள் உண்டு. ஒன்று அவருடைய தாயாருடையது. இன்னொன்று நான்கு வயதில் காய்ச்சலில் போன மகள் ஜுவலுடையது. உலகின் எந்த மூலையில் பாடிக்கொண்டிருந்தாலும் டிசம்பரில் வீடு திரும்பி இரண்டுக்கும் தன் கையாலேயே சுண்ணாம்பு அடிப்பார். லண்டன் கச்சேரியைக்கூட அதற்காக வேண்டாம் என்றார். இரண்டுக்கும் நடுவில் ஆறடி நிலத்தை மட்டும் புல் முளைக்காமல் செதுக்கி வைத்திருந்தார். போன டிசம்பரில் சுண்ணாம்பு வாளியைப் பிடித்தபடி நான் கேட்டேன்.

"இந்த எடம் யாருக்குண்ணே?"

"வாய மூடு! சாவப் பத்தி என் வீட்டுல பேசாத."

சொல்லிவிட்டு அந்த மண்ணைக் காலால் தட்டிச் சமப்படுத்தினார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டேன்? பூங்காவில் வைக்கும் கல்லில் இசைக்குழுவின் பெயர்களையும் பொறிப்போம் என்றார்கள். என் பெயர் கல்லில் வரும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஐயா.

நேற்று ஐசில்டா என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. "அண்ணே, எம்பொண்ணு பக்கத்துல அவர் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். அவ்வளவுதான்.

அமைச்சர் அவர்களே, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இந்த அவையே சாட்சி. பூங்காவுக்கு அவர் பாட்டைக் கொடுக்கிறோம். ஆண்டுதோறும் வந்து அங்கே பாடுகிறோம். உடலை மட்டும் ஊருக்கு விடுங்கள்.

என் உறுதிமொழி இதுதான்: அவர் குழு கலையாது. அவர் போட்ட பள்ளிக்கூரை ஒழுகாது. டிசம்பரில் அந்தச் சுண்ணாம்பு வேலை இனி என் வேலை. குழி வெட்டக் கூலியாள் வைப்பது எங்கள் மலையில் வழக்கமில்லை, ஊர்தான் வெட்டும். நாளை விடிந்ததும் மண்வெட்டியோடு போகிறேன். வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

உட்காருங்கள், உட்காருங்கள்... இத்தனை பேருக்கு அந்த முற்றத்தில் நிற்கவே இடம் போதாது. அமைச்சர் அவர்களே, நீங்களுமா எழுந்துவிட்டீர்கள்?

தங்கச்சி ஐசில்டா, அழாதம்மா. காலையில நீ முன்னால நட. மொத வெட்டு எங்க விழணும்னு நீ காட்டு.