பரசுராமன் படகு

கிட்டே வாருங்கள். இது என் சிநேகிதன் முருகேசனின் தாய்மாமாவுக்கு நடந்தது...

மாலை ஆறரை மணி. அறுபத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். வாலாஜாபாத் தாண்டி ஏரிக்கரைமேல் போகிற வண்டிப்பாதை. ஈ காக்கை இல்லை. அந்த மாமா, வீரபத்திரன், சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் தறி செய்கிற தச்சர். கேரியரில் எண்ணெய் டின், குங்கிலியம், பஞ்சு.

கரையில் அவருடைய அண்ணன் பரசுராமனின் படகு கிடந்தது. கடலோரக் கால்வாயில் உப்பு ஏற்றிய பழைய பாய்மரப் படகு. அண்ணன் அதை வாங்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஏரியில் ஓட்டினார்.

முந்தின ஐப்பசியில் வெள்ளம். ஏரியோரச் சேரி முழுகிவிட்டது. ஜனங்கள் கூரைமேல் நின்று கத்தினார்கள். அண்ணன் அவர்களை ஏற்றிவரக் கிளம்பியபோது, ரைஸ் மில் முதலாளி மாணிக்கவாசகம் ஆட்களோடு வந்து படகைப் பிடுங்கினார். அரிசி மூட்டை ஏற்ற!

அண்ணன் ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போனார். கூரைகளும் மிஞ்சவில்லை. அவரும் திரும்பவில்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அதோடு விட்டாரா முதலாளி? பலகை உடைந்து கிடந்த படகை மில் அடுப்புக்கு விறகாக மாமாவிடம் கேட்டார்.

"செத்தவன் படகுதானே... வெட்டிக் குடுத்துடுப்பா."

"கோடாலி உம்மேல வுழும்யா. எங்க அண்ணன் படகு மேல வுழாது. போய்யா!"

அந்த ஆத்திரத்தில்தான் மாமா வேலையை ஆரம்பித்தார். இற்றுப்போன பலகைகளை மாற்றினார். இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார். அவர் மனைவி செல்லியம்மாள் கிழிந்த பாயைத் தைத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கடைசிப் பூச்சையும் முடித்துவிட்டுப் படகைத் தண்ணீரில் தள்ளி ஏறினார்.

காற்றே இல்லை. ஆனால் பாய் புடைத்தது.

படகு தானாகப் போய், சேரி இருந்த இடத்துக்கு நேராக நின்றது. ஒரு பக்கம் சாய்ந்தது... நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது... யாரோ ஏறுகிற மாதிரி. ஒருவர் பின் ஒருவராக. விளிம்புவரை தண்ணீர் வந்துவிட்டது. ஈரக் கந்தல் நாற்றம். பற்கள் கிடுகிடுக்கும் சத்தம். ஒரு குழந்தையின் இருமல்...

கண்ணுக்கு யாரும் இல்லை.

படகு கரைக்குத் திரும்பியது. தொப்... தொப்... இறங்க இறங்கப் படகு மேலே எழுந்தது. காய்ந்த மண்ணில் ஈரக் காலடிகள், மில் இருக்கிற பக்கமாக.

பின்முனை மட்டும் அமிழ்ந்தே இருந்தது.

"அண்ணே..."

"தள்ளுப்பா. இன்னும் ஜனம் நின்னுக்கினு இருக்குது."

அந்தக் குரலில் அழுகை இல்லை. கோபம். கொதிக்கிற கோபம். மாமா இறங்கித் தள்ளினார். இருட்டில் பாய் மறைந்தது.

காலையில் மில் கிடங்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துப் போனார்கள். தரை காய்ந்து கிடந்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. முதலாளி மட்டும் மேலே, கூரை உத்தரத்தை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். உயிர் இல்லை. தொட்டதும் வாயிலிருந்து ஏரித்தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

விரல்களைப் பிரிக்க முடியவில்லை. கடைசியில் ரம்பத்தோடு வீரபத்திரன் மாமாவைத்தான் கூட்டிவந்தார்கள். பிடித்த பிடியோடு உத்தரத்தையே அறுத்து இறக்கினார்.

அறுத்து முடிக்கிறவரை... அந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை.