உள்பக்கத் தாழ்ப்பாள்

கும்மிடிப்பூண்டி மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து பணி நிறைவு பெறும் திருமதி சுகிர்தா எபினேசர் அம்மையாருக்கு, உடன் பணியாற்றியோர் மனமுவந்து படித்தளிக்கும் மடல்

வலியின் வேரறிந்த வல்லுநரே! வாய்திறவாமல் பிறர் மானம் காத்த மாண்பினரே! கனிவும் கண்டிப்பும் கைகோத்து நடந்த கடமைத் திருவே! வணக்கம்.

தொழிற்பேட்டைச் சங்கு ஊதும் முன்னரே தங்கள் அறையில் விளக்கு எரியும். இரும்பு தூக்கி இடுப்பு பிடித்தவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கயிறு இழுத்துத் தோள் விலகியவர், லாரி ஓட்டிக் கழுத்து விறைத்தவர் என்று வந்தவரெல்லாம் முனகிக்கொண்டு வந்து முகம் மலர்ந்து போனார்கள். இதை ஊரே அறியும். ஊர் அறியாத ஒன்றைச் சொல்லவே இம்மடல்.

மடல் எழுதுகிறவன் 'நான்' என்று நடுவில் நுழைவது மரபல்ல. ஆகவே, நம் ஆவண அறையில் பணி முடித்து, இன்றும் நாள்தோறும் இங்கு வந்து பிரிவு மடல்களை எழுதித் தரும் துலுக்காணம், இதிலும் துலுக்காணம் என்றே வருவார்.

துலுக்காணத்தின் தம்பி மகன் மதன், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனியில் இயந்திரம் ஓட்டுபவன். தம்பி காலமான பின் அவ்வீட்டுக்கு மூத்தவர் துலுக்காணமே. மாசியில் மதனுக்கு எளாவூர்ப் பெண் புவனேஸ்வரியைக் கட்டிவைத்தார். பெண் நல்ல பெண், பையன் நல்ல பையன். ஆனால் இருவரும் இன்னும் கணவன் மனைவியாகக் கூடவில்லை என்ற செய்தி, சித்திரை முடிவதற்குள் மதனின் தாய் பச்சையம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. நெருங்கினாலே பெண் வலியில் துடிக்கிறாள், உடம்பு கல்லாகிவிடுகிறது என்றான் மதன்.

உறவினர் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி தாயத்து கட்டினாள். ஒருத்தி, "மனசுல வேற எவனோ கீறான்" என்று முடிவே கட்டினாள்.  புவனேஸ்வரி ஒரு காலை தானே பஸ் ஏறி நம் மகளிர் மருத்துவர் ஏஞ்சலினிடம் வந்தாள். அவர் பொறுமையாகச் சோதித்து, உறுப்பில் குறை ஏதும் இல்லை, இது வஜைனிஸ்மஸ் என்று பெயர் சொல்லித் தங்களிடம் அனுப்பினார்.

அம்மையீர்! மற்ற அறைகளுக்குத் தாழ்ப்பாள் வெளியே; தங்கள் அறைக்கு மட்டும் உள்ளே. அதைப் போடுவதும் எடுப்பதும் சிகிச்சைக்கு வந்த பெண்ணின் கை. அவள் 'போதும்' என்றால் அந்த நொடியே எல்லாம் நிற்கும். புவனேஸ்வரி முதல் நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே இருந்தாளாம். தாங்கள் அவளைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை; மின்விசிறியைக் குறைத்துவிட்டு அமர்ந்திருந்தீர்களாம். அவள் பிற்பாடு சொன்னது இது.

மருமகள் அந்த அறைக்குள் போவதைக் கண்ட துலுக்காணம் தங்களை வராந்தாவில் மறித்தார். "அந்த ஊட்டுக்கு மூத்தவன் நான். இன்னா ஏதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

"ஐயா, போன வருஷம் உங்க இடுப்புக்கு நான்தானே பார்த்தேன்? நீங்க கத்துன கத்தல உங்க மருமககிட்ட சொன்னேனா?" என்றீர்கள் தாங்கள்.

"இல்ல."

"அப்ப அவ கதையையும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். வழி விடுங்க."

இப்படி எவரும் அவரிடம் பேசியதில்லை. சினம் வந்தது உண்மை. ஆனால் தன் வீட்டுப் பேச்சு இந்த அம்மையாரிடமிருந்து ஒரு நாளும் தெருவுக்குப் போகாது என்ற நிம்மதியும் அந்த வராந்தாவிலேயே வந்தது.

பின்னர் புவனேஸ்வரியே கேட்டுக்கொள்ள, மதனை அழைத்தீர்கள். அவன் வீடு திரும்பித் தாயிடம் சொன்னபோது துலுக்காணமும் அங்கிருந்தார்.

"எம்மா, எங்க மெசின்ல சென்சார் கீதில்ல? கை உள்ள போனா மெசின் நின்னுடும். சில நேரம் கையே போவாம, தூசி பட்டாக்கூட நின்னுடும். அதுக்கு மெசின் வேலை செய்யமாட்டேன்னு அடம் புடிக்குதுன்னு அர்த்தமா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாடா சம்பந்தம்?"

"அவ உடம்புக்குள்ள இருக்கிற தசை, பயத்துல தானா இறுகிக்குது. அவ இறுக்கல. அவ நெனைச்சாலும் விட முடியாது. மேடம் கேட்டாங்க, மெசின் நின்னா சுத்தியலால அடிப்பியாடா மதனுன்னு. இல்ல மேடம், மெதுவா ரீசெட் பண்ணுவோம்னேன். அதான்ப்பா வைத்தியம்னாங்க."

அந்த வைத்தியத்தை அவையறியச் சொல்வதில் இழுக்கில்லை. முதலில் மூச்சு. பிறகு, எந்தத் தசை இறுகுகிறது என்று பெண் தானே உணர்ந்து, அதைத் தளர்த்தப் பழகுவது. பிறகு, பருமன் சிறிது சிறிதாகக் கூடும் வழுவழுப்பான கருவிகளைக் கொண்டு, அவள் கையாலேயே, அவள் வேகத்திலேயே உடம்புக்கு அச்சம் தெளிவிப்பது. மனத்தில் புதைந்த பயத்தைப் பேசித் தீர்ப்பது. அதுவரை கணவன் முயலவே கூடாது. வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது வைத்தியமல்ல. அது பயத்துக்கு உரம் போடுவது. இது நல்லபடியாகக் குணமாகும் ஒன்று. தேதி மட்டும் எவராலும் குறிக்க முடியாது.

அப்போது ஆடி நெருங்கியது. புதுப்பெண் தாய்வீடு போகும் மாதம். "ஆடி நமக்கு ஆண்டவர் தந்த லீவு" என்றீர்களாம் தாங்கள். கணவன் மனைவி தனித்திருக்க ஊரே அனுமதிக்கும் மாதத்தில், 'ஏதாவது விசேஷமா' என்ற கேள்வி இல்லாத வீட்டில், புவனேஸ்வரி பயிற்சியைத் தொடர்ந்தாள். எளாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். ஊர் வழக்கத்தை மருத்துவம் பழிப்பதுண்டு. வழக்கத்தையே மருந்தாக்கிய மதிநுட்பம் தங்களுடையது!

ஆடி முடியும் தறுவாயில் பச்சையம்மா மெல்லப் பேச்செடுத்தாள்.

"மாமா, ஆவணி பொறந்தா போய் அழைச்சாத்தான் வருவா. நாம சும்மா இருந்துட்டா அவங்களே புரிஞ்சிக்குவாங்க. சத்தம் இல்லாம முடிஞ்சிடும்."

சத்தமில்லாமல் முடிப்பது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் வாழ்வு அப்படித்தான் முடிந்தது. அழைக்க யாரும் வரவில்லை, அவ்வளவே.

"நம்ம ஊட்டுக்கு வாழ வந்தவள அழைக்காம வுட்டோம்னு ஒரு பேச்சு இதுவரைக்கும் இல்ல. தட்ட எடு" என்றார் துலுக்காணம்.

"அவ சரியாயிட்டாளான்னு கேக்கவாச்சும் கேளுங்க!"

"அதக் கேக்க நம்மள யாரும் அங்க வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடல."

எளாவூரில், செக்போஸ்ட் அருகே பஞ்சர் கடை வைத்திருக்கும் பெண்ணின் தகப்பனார், தட்டைப் பார்த்தும் கையை நீட்டவில்லை. "இன்னாத்துக்கு வந்தீங்கன்னு மொதல்ல சொல்லிடுங்க" என்றார். மாதம் முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

உள்ளிருந்து வந்த புவனேஸ்வரி முந்திக்கொண்டாள். "நைனா, இரு. பெரிய மாமா, எனக்கு இன்னும் முழுசா சரியாவல. எவ்ளோ நாளாகும்னு தெரியாது. தெரிஞ்சிகினு கூப்புடுங்க."

"மருமவள அழைக்க வந்தேம்மா. மெசினா வாங்க வந்தேன், ஓடுதா இல்லியான்னு பாக்க? பொடவ மாத்திகினு கெளம்பு."

தகப்பனார் தட்டை வாங்கிக்கொண்டார். 

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. தானாக நெருங்கமாட்டேன் என்று தங்களுக்குக் கொடுத்த வாக்கில் மதன் நின்றான். தை பிறந்து சில நாளில், தங்கள் அறையின் தாழ்ப்பாள் திறந்து புவனேஸ்வரி வெளியே வந்தாள். வராந்தாவில் துலுக்காணத்தைக் கண்டு, "இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க மாமா" என்று சிரித்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். 

அவளுக்கு முன்னும் பின்னும், சீட்டில் 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதி வந்து, நிமிர்ந்து நடந்து போன பெண்கள் எத்தனை பேரோ! தாங்கள் சொல்லமாட்டீர்கள். நாங்களும் கேளோம்.

இம்மடலின் முதல் படியில் 'ஒரு வீட்டில் ஒரு மருமகள்' என்றே துலுக்காணம் எழுதியிருந்தார். வீட்டுச் செய்தி என்பதால் மதனையும் புவனேஸ்வரியையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்.

"பேர் எங்க மாமா?" என்றாள் அவள்.

"ஊட்டு மானம்மா."

"நான் இன்னா திருடிட்டா வந்தேன்? அந்தக் கூட்டத்துல என்னாட்டம் ஒருத்தி தாயத்து கட்டிகினு உக்காந்துகினு இருப்பா. 'ஒரு மருமக'ன்னா அவளுக்குக் கதையாத்தான் கேக்கும். பேரச் சொன்னாத்தான் எழுந்து வருவா."

மதன் அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தான். பச்சையம்மா, அடுப்படியிலிருந்தே, "எம்பேரையும் வுட்டுடாதீங்க. நான் சொன்னதையும் சேத்தே எழுதுங்க" என்றாள். மானம் காப்பதே தன் வேலை என்று வாழ்ந்தவர் துலுக்காணம். அன்றும் அதைத்தான் செய்தார்: 'ஒரு மருமகள்' என்பதை அடித்துவிட்டு, பெயர்களை எழுதினார்.

அம்மையீர்! அறை இனி, தங்கள் இடத்துக்கு வரும் ஜெனிபரின் பொறுப்பில். கதவுக்குப் புது வண்ணம் பூசினாலும், தாழ்ப்பாள் இருக்கும் இடம் மாறாது என்று இந்த அவையில் உறுதி கூறுகிறோம். பிறர் உடம்பின் அச்சம் தெளிவித்த தங்கள் உடம்பு நோயறியாது நெடுங்காலம் வாழ்க! கணவர் எபினேசருடன் காலாற நடந்து, கண்ணயர உறங்கி, களிப்புடன் வாழ்க!

கும்மிடிப்பூண்டி

இங்ஙனம்,

புவனேஸ்வரி மதன், எளாவூர்ப் பெண், துலுக்காணம் வீட்டு மருமகள்

அவளுக்குப் பின்னே,
மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும்