புள்ளிகளாக நடந்தவர்

— எத்தனை தடவை சொல்றது அக்கா, இதுல முகம் தெரியாது. வெறும் புள்ளிதான் தெரியும்.

— தெரியாட்டிப் போகட்டும் தம்பி. முகத்தைத்தான் இருபத்து நாலு வருஷமா பார்த்தாச்சே. என் வீட்டுக்காரர் நடக்கறதைப் பார்க்கணும். போடுங்க.

— பார்த்துட்டு ஏமாந்துடக் கூடாதுன்னு சொல்றேன். ஆராய்ச்சிக்கு நடந்து காட்ட வந்தவங்க தோள்பட்டை, முழங்கை, இடுப்பு, முட்டி, குதிகால்னு மூட்டு மூட்டா பட்டாணி அளவுல வெள்ளை உருண்டை ஒட்டுவோம். மொத்தம் முப்பத்தொன்பது. இந்த ஹால்ல அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு நடக்கச் சொல்வோம். சுவத்துல எட்டு கேமரா இருக்கு பாருங்க, அதுக்கு உருண்டையைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது. சட்டை படாது, தோல் படாது.

— மனுஷனை உரிச்சுப் போட்டுட்டு நடையை மட்டும் எடுத்து வெச்சுக்கறீங்க.

— அப்படியும் சொல்லலாம்.

— பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு குனிஞ்சு உட்கார்ந்து இலைக்கெல்லாம் மையால பொட்டு வெச்சிட்டு இருக்காளே. அதுவும் இந்தக் கூத்துதானா?

— அது வளர்ச்சியை அளக்க. இன்னிக்கு வெச்ச புள்ளி நாளைக்கு எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்தா, இலை எந்தப் பக்கம் எவ்வளவு வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சிடும். அதுக்கு அந்தப் பக்கத்து ரூம்ல ஒருத்தர் தண்ணியில மிதக்கிற தூசியைப் பார்த்துட்டே இருப்பார். அது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. உயிர் கிடையாது, ஆனா ஆடிட்டே இருக்கும்.

— உயிர் இல்லாததுகூட ஆடுது. ம்ம். இவர் எந்த நம்பர்?

— அது எனக்குத் தெரியாது அக்கா. பேர் எழுதின நோட்டு டாக்டரம்மா பீரோவுல பூட்டியிருக்கு. என்கிட்ட நம்பரும் வயசும் தேதியும்தான் இருக்கும்.

— நல்லதாப் போச்சு. ஒவ்வொருத்தரா விடுங்க. நானே கண்டுபிடிக்கிறேன்.

— எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

— தம்பி, நான் தையல்காரி. கடைக்குள்ள ஒருத்தர் நுழையறப்பவே எந்தத் தோள் எறக்கம், எந்தக் கை நீளம்னு கண்ணு அளந்துடும். அளவு நாடா எல்லாம் சும்மா அவங்க திருப்திக்கு. விடுங்க பார்ப்போம்.

— சரி. இது நம்பர் மூணு.

— அட, ஆமா. புள்ளிதான். ஆனா ஆளுதான்! இது பொம்பளை. வயித்துல புள்ளை இருக்கு, நாலு மாசம் இருக்கும். இடுப்பைப் பின்னால தள்ளிக்கிறா பாருங்க.

— அக்கா, அவங்க அன்னிக்கு யார்கிட்டயும் சொல்லவே இல்லை. எங்களுக்கே அப்புறமாத்தான் தெரியும்!

— சொல்லணுமாக்கும். அடுத்தது.

— ஒன்பது.

— உயரமான ஆளு. சின்ன வயசுலேயே கூனிக் கூனிப் பழகிட்டார். இவருக்கு முதுகுத் துணி அரை இஞ்ச் கூட விடணும், இல்லாட்டி சட்டை பின்னால தூக்கிக்கும். இவர் இல்லை. தள்ளுங்க.

— பதினேழு.

— நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். அக்கா? தண்ணி குடிக்கறீங்களா?

— ஐயோ, நிறுத்தாதீங்க! நிறுத்தினா வெறும் புள்ளியாயிடுறாரே. நடக்க விடுங்க, நடக்க விடுங்க... ஆங். வந்துட்டார். பாருங்க, கூச்சம் அவருக்கு. யாரோ பார்க்கறாங்கன்னா கழுத்தை இப்படித்தான் நட்டுக்கிட்டு நடப்பார். பொண்ணு பார்க்க வந்தப்பவும் இதே நடைதான். எங்கக்கா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

— ஆமா, அவர்தான்.

— நம்பர் தெரியாதுன்னீங்களே?

— தெரியும் அக்கா. பேப்பர்ல போட்டோவோட சேதி பார்த்த நாள்லேர்ந்து தெரியும். பெயின்டர் அண்ணன்தான் அது.

— தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு மறைச்சீங்க?

— நீங்க அவரைக் கண்டுபிடிக்காம எழுந்து போயிடணும்னு நெனைச்சேன்.

— இதென்னமோ புதுசா இருக்கு. சரி, அது கெடக்கட்டும். நான் எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். சிரிக்கக் கூடாது.

— சிரிக்க மாட்டேன்.

— அவர் குடிச்சிருந்தாரா இல்லையான்னு உங்க மெஷின் சொல்லுமா?

— குடிச்சாரா? அவரா?

— கேளுங்க. போன வருஷக் கடைசியிலேர்ந்தே வாசப்படியில தடுக்க ஆரம்பிச்சார். கையில இருக்கிற டம்ளர் நழுவும். சட்டையில பட்டன் போட அரை மணி நேரம். இத்தனை வருஷம் குடியைத் தொடாத மனுஷன், இப்ப யாருக்கும் தெரியாம ஆரம்பிச்சுட்டார்னு என் புத்திக்குப் பட்டுச்சு. வாயை மோந்து பார்த்தேன். நாத்தம் இல்லை. ஏலக்காய் மென்னுட்டு வந்திருப்பார்னு அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சேன். 'சத்தியமா இல்லைடி'ன்னார். நான் பேச்சை நிறுத்திட்டேன். கடைசி இருபது நாள், தம்பி. தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுட்டுத் தையல் மெஷின்ல போய் உட்கார்ந்துக்குவேன். அவர் சாப்பிடற வரைக்கும் கடகடன்னு ஓட்டுவேன். தைக்கத் துணிகூட இருக்காது சில நாள். வெறும் ஊசி ஓடும்.

— அக்கா...

— இருபத்தோராவது நாள் சாரத்துலேர்ந்து விழுந்தார். அங்க இருந்தவனுங்களும் 'தள்ளாடிட்டேதான் இருந்தார்'னு சொன்னானுங்க. அவர் பொய் சொல்லிட்டுப் போனாரா, நான் பழி போட்டு அனுப்பினேனா? மூணு மாசமா இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் தூங்கலை. அவர் சட்டைப் பையில உங்க இடத்துச் சீட்டு இருந்துச்சு. சரி, நடையை அளக்கறவங்களுக்குத் தெரியும்னு வந்தேன். சொல்லுங்க.

— அவர் குடிக்கலை அக்கா.

— எனக்காகச் சொல்லாதீங்க.

— இல்லை. இந்தப் படத்தை மெதுவா விடறேன், பாருங்க. வலது கை முன்னும் பின்னும் எவ்வளவு வீசுது? முப்பத்தொரு டிகிரி. இடது கையைப் பாருங்க.

— ஆடவே இல்லையே. ஒடம்போட ஒட்டிக்கிட்டுல்ல வருது.

— எட்டு டிகிரி. இப்ப இடது கால். நடக்கறப்ப நம்ம பாதம் தரையை விட்டு ஒரு விரல் தடிமனாவது எழும்பும். அவருக்கு ஒரு தீக்குச்சி தடிமன்தான் எழும்புது. குடிச்சவன் நடை இப்படி இருக்காது. அது ஒவ்வொரு எட்டும் ஒவ்வொரு மாதிரி கோணும். இவர் பத்து தடவை நடந்தார், பத்து தடவையும் இடது பக்கம் ஒரே மாதிரி. இது நரம்புல ஏதோ ஆரம்பிச்சிருக்கு.

— குடிக்கலை.

— இல்லை அக்கா.

— குடிக்கலை. சத்தியமா இல்லைன்னுதான சொன்னார்... கொஞ்சம் இருங்க தம்பி. என்னைப் பார்க்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

— சரி அக்கா.

— இது எப்ப எடுத்தது?

— எட்டு மாசம் முன்னாடி.

— அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?

— அன்னிக்குத் தெரியாது. கணக்குப் போட்டு வர ஒரு நாள் ஆகும். மறுநாள் பார்த்தேன்.

— பார்த்துட்டு?

— டாக்டரம்மாகிட்ட காட்டினேன். 'ஒரு தடவை அளந்ததை வெச்சு நோய்னு சொல்ல முடியாது. முடிவைக் கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத்தானே எல்லாரும் வர்றாங்க. அவங்களைக் கூப்பிட்டுப் பயமுறுத்தினா அப்புறம் யார் வருவா'ன்னாங்க. அது இங்க விதி அக்கா. நம்பருக்குப் பின்னால இருக்கிற ஆளுக்கு யாரும் போன் பண்ணக் கூடாது.

— அவர் சாரத்துல ஏறி வேலை பார்க்கறவர்னு தெரியுமா?

— தெரியும். உருண்டையை ஒட்டிட்டிருந்தப்ப அவரே சொன்னார். பதினோராவது மாடியிலேர்ந்து பார்த்தா மனுஷங்க இந்த உருண்டை அளவுதான் தெரிவாங்கன்னு.

— தெரிஞ்சும் வாயைத் திறக்கலை.

— திறக்கலை.

— நானாவது தெரியாம வாயை மூடினேன். நீங்க தெரிஞ்சு மூடினீங்க.

— அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன் அக்கா. மூணு மாசமா மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் இவரைத்தான் போட்டுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். அந்தக் கோடியிலேர்ந்து வருவார், இங்க வந்ததும் மறைஞ்சுடுவார். மறுபடி அங்கேர்ந்து வருவார். இப்பல்லாம் தெருவுல யார் நடந்தாலும் எனக்குச் சட்டை துணி கண்ணுல படறதில்லை. புள்ளியாத்தான் தெரியறாங்க. என் வீட்டுக்காரி எதிர்ல வந்தாலும் முதல்ல அவ இடது கையைத்தான் பார்க்கிறேன்.

— உங்களை அடிச்சு என்ன ஆகப்போகுது. அழுதா எனக்கும் சேர்த்து அழுதுடுங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வத்திப்போச்சு... அது சரி, அவர் ரெண்டு தடவை வந்தாரா இங்க?

— இல்லையே, ஒரே தடவைதான்.

— பின்னே இது யாராம்? மறுபடி வர்றாரே.

— எங்க? ஓ, அது தானா அடுத்தடுத்த ஃபைலுக்குப் போயிட்டிருக்கு அக்கா. பேச்சுல நிறுத்த மறந்துட்டேன். அது நாற்பத்திரண்டு. வேற ஆளு.

— வேற ஆளா? அந்தக் கழுத்தைப் பாருங்க தம்பி. வலது தோள் கால் இஞ்ச் எறக்கம், நான் எத்தனை சட்டை தைச்சிருக்கேன். இடது கை அதே மாதிரி ஒட்டிக்கிட்டு வருதே. என் புருஷனை எனக்குத் தெரியாதா?

— அக்கா, இது போன வியாழக்கிழமை எடுத்தது.

— என்னது?

— போன வியாழக்கிழமை. இங்க தேதி இருக்கு பாருங்க.

— அவர் போயி மூணு மாசம் ஆச்சு.

— அதான் சொல்றேன், இது அவர் இல்லை.

— வயசு என்ன போட்டிருக்கு?

— இருபத்தொண்ணு.

— ஒல்லியா, சுருட்டை முடியோட, இடது காதுக்குப் பின்னால ஒரு தழும்பு?

— ஆமா. ஒட்டினதைப் பிரிக்கறப்ப பார்த்தேன். அயர்ன் பாக்ஸ் சுட்டதுன்னான்.

— என் கடையில சுட்டுக்கிட்டது. நாலு வயசுல.

— அக்கா... உங்க பையனா?

— அவர் பையில இருந்த சீட்டு வீட்டு மேஜை மேலதான் கிடந்துச்சு. படிச்சிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஏன் தம்பி, அவனுக்கும் கணக்குப் போட்டீங்களா?

— போட்டேன்.

— எப்ப?

— வெள்ளிக்கிழமை.

— என்ன வந்துச்சு?

— இடது கை பதினொண்ணு. வலது முப்பத்து மூணு. கால்... கால் அவர் அளவுக்கு இல்லை. ஆனா குறைவுதான்.

— அப்பனுக்கு வந்தது புள்ளைக்கும் வருமா?

— சிலதுல வரும் அக்கா. வந்தா, அப்பாவைவிடச் சின்ன வயசுலேயே வர்றதும் உண்டு.

— வெள்ளிக்கிழமை. இன்னிக்கு புதன்கிழமை. அஞ்சு நாளா இதைக் கையில வெச்சுக்கிட்டா இருந்தே? அவர் செத்ததுக்கு அப்புறமுமா? மறுபடியுமா தம்பி?

— யார்னு எனக்குத் தெரியாது அக்கா. நம்பர்தான் தெரியும். டாக்டரம்மாகிட்ட மறுபடி போய் நின்னேன், மறுபடி அதே பதில். நானும் மறுபடி வந்து உட்கார்ந்துட்டேன்.

— உன்னைச் சொல்லி என்ன பண்ண. இன்னிக்குக் காலையில அவனும் நிலைப்படியில தடுக்கினான். என் வாய் சும்மா இருந்துச்சா? 'நீயும் ஆரம்பிச்சுட்டியாடா'ன்னு கேட்டேன். அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டான். அவனுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு, அதான் இங்க வந்திருக்கான்.

— இப்ப எங்க இருக்கான் அக்கா?

— வேலையில.

— என்ன வேலை?

— அவங்க அப்பா இடத்துக்கு அவனையே எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை சேர்ந்தான். ரெண்டு நாள் கீழே பெயின்ட் டப்பா கலக்கினான். இன்னிக்குத்தான் மேல ஏத்தறாங்களாம்.

— போனைப் போடுங்க அக்கா. விதியாவது ஒண்ணாவது, நானே பேசறேன். இறங்குடான்னு நானே சொல்றேன்.

— போட்டுட்டேன். அடிக்குது.

— எடுத்தானா?

— அடிச்சிட்டே இருக்கு.

— என் வண்டி கீழேதான் நிக்குது, வாங்க போகலாம். நீங்க விடாம அடிச்சிட்டே வாங்க. எடுப்பான்.

— எடுக்க மாட்டான் தம்பி. காலையில அவனை என் தலையில கை வெக்கச் சொல்லி ரெண்டு சத்தியம் வாங்கினேன். ஒண்ணு, குடிக்கக் கூடாது. இன்னொண்ணு, மேல நிக்கும்போது யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், போனை எடுக்கக் கூடாது.