சீலர் அடித்த வாசல்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க வாசக்கோலம் எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாதுக்கா."

"ஏன்டி?"

"பூ டிசைன் போட்ட சிமெண்ட் தரை. கழுவிட்டு, மேல வார்னிஷ் மாதிரி சீலர் அடிங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் பளபளப்பு ஜாஸ்தியா இருக்கறதா வாங்கியாந்து, கழுவாம பொங்கல் கோலத்து மேலயே அடிச்சிட்டாரு."

"நல்லதுதான?"

"போன வாரம் மாமனார் செத்துட்டாருக்கா. சாவு வீட்டு வாசல்ல பொங்கப்பானை மின்னுது. கோணி போட்டு மூடினேன்."

"யாரும் பாக்கலையே?"

"ஒப்பாரி வெச்சிக்கிட்டே வந்த மாமனாரோட தங்கச்சி, கோணி தடுக்கிப் பாத்துட்டாங்க."

"சண்டையா?"

"கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, தெனம் குனிஞ்சு கோலம் போட்டு இடுப்பே போச்சு, கருமாதிக்கு வரும்போது எனக்கும் அந்த சீலர் ஒரு டப்பா வாங்கி வைன்னாங்க."