ஆமான்னா அஞ்சு நிமிஷம்

அங்கயே நில்லு தம்பி. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், நீ உள்ள வரப் போறதில்ல. அந்தக் கழுத்து அட்டையத் தூக்கித் தூக்கிக் காட்டாதே. அட்டை பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. இந்த நாலு வருஷத்துல நீ ஆறாவது ஆளு. ஆறாவதுதான், எண்ணி வெச்சிருக்கேன். கவர்மெண்ட்டு கட்டிக் குடுத்த நடைபாலம் ஜனங்களுக்கு எப்படிப் பயன்படுதுன்னு பார்க்க வந்திருக்கே. நீ வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே தெரியும்.

குடும்பத் தலைவர் பேரா? அது அப்புறம். அடுத்தது கேளு. அதச் சொல்லாம அடுத்த பக்கம் போகாதா? பிறகுன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு, கீழ ஓரத்துல. ம், அதேதான். உன் கையில இருக்குற பலகைய உன்னவிட எனக்கு நல்லாத் தெரியும். தட்டு.

மெஷின நிறுத்த மாட்டேன். மிதிச்சுக்கிட்டேதான் பேசுவேன். நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு நாப்பது சட்டை போயாகணும், பதினேழு சட்டைக்கு இன்னும் காலரே வெக்கல. காதுல விழலேன்னா சத்தமாக் கேளு.

ஏன் எப்பவும் இந்த வீட்டுக்கே வர்றீங்கன்னு உனக்குத் தெரியுமா? தெரியாதா! நல்ல படிப்பு படிச்சே போ. பாலத்துலருந்து எண்ணுனா அஞ்சாவது வீடு. அப்புறம் பத்தாவது, அப்புறம் பதினஞ்சாவது. அதானே உங்க சட்டம்? வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பார்க்காமக் கேக்கணும், அதுக்கு இந்த எண்ணிக்கை. நல்ல சட்டந்தான். ஆனா ஆறு பேரும் பாலத்துலருந்தே எண்ண ஆரம்பிச்சா, ஆறு தடவையும் நான்தானேப்பா அஞ்சாவது? நாலாவது வீட்டுக்காரி இதுவரைக்கும் ஒரு அட்டையக் கூடப் பார்த்ததில்ல. எனக்கு ஏதோ மேலிடத்துல செல்வாக்குன்னு நெனச்சு எங்கூட ரெண்டு வருஷமாப் பேசறதில்ல.

என்ன சிரிப்பு? சிரிக்காதே. சிரிக்குற மாதிரி நான் ஒண்ணும் சொல்லல.

நான் தையக்காரி. ஒருத்தர அளவெடுத்தா துணிய வெட்டுவேன், வெட்டுனாத் தைப்பேன், தைச்சாக் குடுத்துருவேன். நீங்க நாலு வருஷமா அளவு மட்டும் எடுக்குறீங்க. தோளு இவ்வளவு, கை இவ்வளவுன்னு எழுதிக்கிட்டுப் போறீங்க. போட்டுக்கச் சட்டை எங்கப்பான்னு கேட்டா, அது தைக்குற ஆபீஸ் வேறங்குறீங்க.

பாலத்துகிட்ட ஜீப்ப விட்டு எறங்கினே. இந்தப் பக்கத்துப் படிய ஒரு படம் எடுத்தே. அப்படியே திரும்பி வீட்ட எண்ண ஆரம்பிச்சே. சரியாச் சொல்றேனா? அந்தப் பக்கம் வரைக்கும் நடந்து பார்த்தியா? பார்க்கல. ஒருத்தரும் பார்த்ததில்ல. இந்த முனையில படி இருக்கு, கைப்பிடி இருக்கு, பச்சைப் பெயின்ட் இருக்கு, கல்வெட்டு வேற இருக்கு. அந்த முனையில ஒண்ணும் கெடையாது. ஓடையத் தாண்டி அந்தரத்துல நிக்குது பாலம், ரெண்டாள் உசரத்துல. அந்தக் கரை வேற திட்டத்துல வருதாம், அந்தப் படிய அவங்கதான் கட்டணுமாம். கட்டுன கான்ட்ராக்டரு ஒரு இரும்பு ஏணியச் சாத்தி வெச்சுட்டு, ஒரு வாரத்துக்கு இதுல ஏறி எறங்குங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த ஒரு வாரம் இன்னும் முடியல.

இடுப்புல புள்ளைய வெச்சுக்கிட்டு ஏணி எறங்கியிருக்கியா நீ? தலையில மூட்டையோட? மழை பெஞ்சா அந்தக் கம்பி எப்படி இருக்கும்னு தெரியுமா?

ஏன் இத முன்னாடியே சொல்லலையா? சொன்னேனே. மொதத் தடவ வந்தாளே ஒரு பொண்ணு, குடையோட, வெயில்ல மூஞ்சி செவந்து போய். பாலம் உங்களுக்குப் பயன்படுதான்னு கேட்டா. இல்லம்மான்னேன். அவ்வளவுதான், பிடிச்சா பாரு. இல்லன்னு சொன்னா உள்ளேருந்து பன்னெண்டு கேள்வி வருது. ஏன் பயன்படல, எப்போலருந்து பயன்படல, வேற வழி எவ்வளவு தூரம், வாரத்துக்கு எத்தன தடவ. பாலு பொங்கி அடுப்ப அணைச்சுருச்சு. இஸ்திரிப் பெட்டிய எடுக்க மறந்து ஒருத்தி கல்யாணத்துக்குத் தைச்ச துணி தீஞ்சு போச்சு. அத்தனையும் உக்காந்து சொன்னேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. ஏட்டுச் சுரைக்காய் எந்தக் காலத்துல கறிக்கு ஆச்சு!

ரெண்டாவது தடவ வந்தவன் தொப்பிக்காரன். அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. கேள்வியக் கேக்கும்போதே சொல்றான், அம்மா, ஆமான்னு சொன்னா அஞ்சு நிமிஷம், இல்லன்னு சொன்னா ஒரு மணி நேரம், உங்க இஷ்டம்ங்கறான். நானா கண்டுபிடிச்சேன்? உங்க ஆளு சொல்லிக் குடுத்தது. நானும் யோசிச்சுப் பார்த்தேன். பாலத்துல போறோமா? போறோம். வேற வழி? ஓடையில எறங்கணும். அப்ப ஆமான்னு சொன்னா அது பொய்யில்லையே. ஆமான்னேன். திருப்தியா? ஆமா. கையெழுத்து. போயிட்டான். அடுப்புல பாலு கூடப் பொங்கல.

அப்புறம் ஊரே எங்கிட்டதான் வந்து கேக்கும். துணி தைக்க வர்றவங்க, அளவு குடுக்க வர்றவங்க. அக்கா, சர்வே ஆளு எங்க தெருவுக்கு வர்றானாம், என்னக்கா சொல்றது? ஆமான்னு சொல்லுடி, அஞ்சு நிமிஷத்துல தொல்லை விட்டுச்சு. பத்தாவது வீடு, பதினஞ்சாவது வீடு, அந்தக் கோடி வீடு வரைக்கும் நான் சொல்லிக் குடுத்தது. பெரிய கெட்டிக்காரின்னு எனக்கு நெனப்பு. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

அந்தப் பையத் தொடாதே! கைய எடு. வாசல் ஓரமா ஆணியில மாட்டியிருக்குறது உன்ன என்ன பண்ணுச்சு? கரண்டி, தூக்குக்குண்டு, மட்டம் பார்க்குற ரசமட்டம், அவ்வளவுதான் இருக்கு உள்ள. எங்க வீட்டுக்காரர் கொத்தனாரு.

கொத்தனாரு வீட்ல இருந்துக்கிட்டே ஏன் படி கட்டிக்கலன்னு கேக்குறியா? நல்லாக் கேட்டே. அவரும் அதத்தான் கேட்டாரு. இருபது படி, ஒரு வாரம், பக்கத்துல நாலு ஆளு இருந்தாப் போதும், நானே கட்டிடறேன்னாரு. கரையில கயிறு கட்டி அளந்து கூட வெச்சுட்டாரு. கவர்மெண்ட்டு சொத்துல கை வெச்சாக் கேசு போடுவோம்னுட்டாங்க. இந்தச் சுத்து வட்டாரத்துல படின்னா அவரு கட்டுனதுதான். கண்ண மூடிக்கிட்டு எறங்கலாம், ஒரு படி கூடக் கொறையா இருக்காது. தெனம் வேலைக்குப் போறப்ப அந்த ஏணியப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயித்தெரிச்சல். மழை பெஞ்சா ஒரு உசுரு போயிரும்டின்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.

நீங்க வந்தா அவரு பேசணும்பாரு. அஞ்சாவது தடவ வந்தப்போ வீட்லதான் இருந்தாரு, பின்னாடி கை கழுவிக்கிட்டு. குடும்பத் தலைவர் இருக்காரான்னு கேட்டான். இல்ல, வேலைக்குப் போயிருக்காருன்னேன். அவர விட்டா இல்லன்னு சொல்லிருவாரு, அப்புறம் பன்னெண்டு கேள்விக்கும் ரசமட்டம் வெச்சுப் பதில் சொல்லுவாரு, அன்னிக்கு வேலை கெட்டுச்சு. அதான். நானே ஆமான்னேன். திருப்தின்னேன். அவரு வந்து பார்க்கறதுக்குள்ள வந்தவன் தெருவத் தாண்டிட்டான்.

இருப்பா, நூலு அறுந்துருச்சு.

அப்புறம் அவரே ஒரு மனு எழுதினாரு. நான் தேச்சுக் குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு, கூட வேலை பார்க்குற பெயின்டரக் கூட்டிக்கிட்டு, உங்க பெரிய ஆபீசுக்குப் போனாரு. சாயங்காலம் திரும்பி வந்தாரு. என்னாச்சுன்னு கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னாங்கன்னாரு. சாப்பிட்டாரு, எப்பவும் போலத் தட்டக் கழுவி வெச்சாரு. அவ்வளவுதான்.

என்ன நடந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சு பெயின்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனுவ வாங்குனவரு படிக்கவே இல்லையாம். கம்ப்யூட்டர இவரு பக்கம் திருப்பினாராம். உங்க ஊர்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்குப் பாலம் பயன்படுது, பெரியவரே, எல்லாரும் திருப்தி. உங்க வீட்டப் பாருங்க, உங்க வீட்டம்மா கையெழுத்தே இருக்கு, அஞ்சு வரியில நாலு வரி ஆமாதான். உங்க வீட்லயே உங்களுக்கு ஒத்து வரல, நாங்க என்ன பண்றதுன்னு கேட்டாராம். ஆபீசே சிரிச்சுதாம். இவரு மனுவத் திரும்ப வாங்கி நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு வந்துட்டாரு.

எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல தம்பி. ஏண்டி இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை. கத்தியிருக்கலாம், ரெண்டு தட்டு தூக்கி எறிஞ்சிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். ஒண்ணுமே கேக்காத மனுஷன நான் என்ன பண்றது?

தண்ணியா? பானையில இருக்கு, மொண்டு குடி. சரி, உள்ளதான் வாயேன், வந்து குடி. உன் மேல எனக்கு என்ன தனிப்பட்ட பகை? பகையில்லன்னும் சொல்ல மாட்டேன். உன் வெரலப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் இவ்வளவு நேரமும். கேள்விய இன்னும் கேக்கவே இல்ல, அதுக்குள்ள ஆமா மேல போய் நிக்குது. உனக்கும் பஸ்ஸா? ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்கிறான், கேக்குது. அடிக்கட்டும்.

கேளு இப்போ. பாலம் உங்களுக்குப் பயன்படுதா?

இல்ல.

என்ன முழிக்கிறே? இல்லன்னு தட்டு. பன்னெண்டும் வருதா? வரட்டும். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. முடிச்சுட்டு நானும் உங்கூட வர்றேன், பத்தாவது வீட்டுக்கு, பதினஞ்சாவது வீட்டுக்கு. ஆமான்னு சொல்லிக் குடுத்தவதானே வந்து இல்லன்னும் சொல்லிக் குடுக்கணும். நாலாவது வீட்டுக்காரியையும் கேளு, உன் சட்டத்துல இடம் இருக்கோ இல்லையோ.

மெஷின நிறுத்திட்டேன், போதுமா? சட்டை கெடக்கட்டும்.

எட்டாவது கேள்விக்கு வந்துட்டியா? மெதுவாப் படி. எனக்கு மனப்பாடம், மொதத் தடவ அந்தப் பொண்ணு கேட்டப்போ சிரிச்சுட்டு, என் முட்டிவலியத் தவிர ஒண்ணுமில்லம்மான்னு சொன்னவதான் நான். படி. இதனால உங்க வீட்ல யாருக்காவது காயமோ உயிர்ச்சேதமோ உண்டா?

உண்டு. ஒருத்தர். காலையில, ஏழரை மணிக்கு, தூறல்ல. வேலைக்குப் போறப்ப, அந்தப் பை தோள்ல இருந்துச்சு. பையில ஒரு கீறல் இல்ல.

எழுதிட்டியா?

மேல என்ன செவப்பா மின்னுது? ஓ, மொதக் கேள்வி பாக்கி நிக்குதா. குடும்பத் தலைவர் பேரு. என் பேரப் போடு தம்பி. போன தடவ வரைக்கும் அவரு பேரு இருந்துச்சு.

இன்னும் நாலு கேள்வி இருக்குல்ல? கேளு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.